ஒட்டுசுட்டான் அச்சகத்தில் நின்றுபோன கீபோட்: ஒரு நிகழ்வு ஆய்வு

முறைப்பாடு

ஐப்பசி கடைசியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, மாங்குளத்தில் கொம்பியூட்டர் திருத்துகிற எனக்கு ஒட்டுசுட்டானில் இருந்து கோல் வந்தது. அங்கே சின்ன அச்சகம் ஒன்றை நடத்தும் அக்கா கதைத்தார். "தம்பி, கொம்பியூட்டர் ஓன் ஆகுது, பாதியில நிக்குது. எஃப்1 ஐ அமத்தச் சொல்லுது. அமத்தினா ஒண்டும் நடக்குதில்லை. ஒருக்கா வந்து பாக்கேலுமோ?"

குரலில் பதற்றம் இருந்தது. முத்தையன்கட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் காலமாகி, 31ஆம் நாளுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. அவருடைய கல்வெட்டு, அதாவது 31ஆம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகம், முழுவதும் அந்தக் கொம்பியூட்டருக்குள். தேவாரம், திருவாசகம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவழி எல்லாம் அடித்து முடிந்து, இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவும் நன்றி நவிலலும் மட்டும் மிச்சம். கல்வெட்டு பிந்தினால் எங்கள் பக்கத்தில் ஊர் குறை சொல்வது செத்தவருடைய பிள்ளைகளைத்தான். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்தக் கொம்பியூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 2010இல் மீள்குடியேறி வந்தபின் வவுனியாவில் பாவித்த சாமானாக வாங்கியது. பென்டியம் 4, 512 எம்பி றாம், 40 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. அதற்குள் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 7, பாமினி எழுத்துரு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பே 2001இல் வந்த இந்த 7தான். எக்ஸ்பிக்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்த ஆதரவும் 2014 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. புதுசு ஒன்றை வாங்குங்கோ என்று சொல்லிவிடலாம். ஆனால் இவர் இருபது வருடமாகப் பாமினியில் அடிக்கிறவர். எம், கே, செமிகோலன், கே, எச் என்று ஐந்து விசைகளைத் தட்டினால் பாமினியில் 'அம்மா' வரும். அவருடைய விரல்கள் அதை யோசிக்காமல் செய்யும். இத்தனை வருடத்துக் கல்வெட்டுகள், கலியாணக் காட்டுகள், கோயில் நோட்டீஸ்கள் எல்லாம் அந்த வடிவத்தில்தான் கிடக்கின்றன. போன வருடத்துத் திருவிழா நோட்டீஸைத் திறந்து திகதியை மாற்றினால் இந்த வருடத்து நோட்டீஸ் தயார். அந்த இயந்திரத்தை ஓட வைக்க இது போதுமான காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

திரையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். கறுப்புத் திரையில் நாலு வரி. முதலாவது, 'சீமொஸ் செக்சம் எரர், டிபோல்ட்ஸ் லோடட்'. இரண்டாவது, 'கீபோட் எரர் ஓர் நோ கீபோட் பிரெசன்ட்'. மூன்றாவது, 'ஃபுளொப்பி டிஸ்க் ஃபெயில் 40'. கடைசி வரி, தொடர எஃப்1, செற்றப்புக்குள் போக டிலீற் என்றது. சேமித்த செற்றிங்ஸ் அழிந்துவிட்டது என்று சொல்லும் அந்த முதல் வரியை வாசித்தவுடனேயே பற்றறிதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இரண்டாவது வரியில் நின்று யோசித்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

முதல் நாள்

மாங்குளத்தில் இருந்து ஏ34 வீதியால் மோட்டார் சைக்கிளில் போனேன். மழை விட்டிருந்தது. அதற்கு முந்திய நாலு நாளும் ஒரே இடியும் மின்னலும். வன்னியில் வானம் குமுறத் தொடங்கினால் ரீவி, பிரிட்ஜ், கொம்பியூட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றிவிடுவோம். அக்காவும் கழற்றியிருந்தார். நாலு நாள் கழித்து மாட்டியபோதுதான் இப்படி நின்றது.

முழுக் கதையும் தொடங்குவது அந்தப் பிளக்கில்தான். இந்தத் தலைமுறைக் கொம்பியூட்டர் நிறுத்தியிருந்தாலும், பிளக் மாட்டியிருக்கும்வரை பவர் சப்ளை மதர்போட்டுக்குச் சிறிய மின்சாரம் ஒன்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மணிக்கூடும், விண்டோஸுக்கு முன் கொம்பியூட்டரை எழுப்பும் பயோஸ் என்ற நிரலின் செற்றிங்ஸும் அதிலேயே உயிர் வாழும். மதர்போட்டில் இருக்கும் அந்த வட்டப் பற்றறிக்குப் பெரிதாக வேலை வராது. ஒரு மணி, இரண்டு மணி நேரக் கரண்ட் கட்டுகளை அதில் மிச்சமிருக்கும் கொஞ்ச உயிர் தாங்கிவிடும். ஆகவே பற்றறி சாகக் கிடப்பது யாருக்கும் தெரிவதில்லை. நாலு நாள் கழற்றி வைத்தால் தெரிந்துவிடும்.

மூடியைத் திறந்து அளந்தேன். சிஆர்2032 புதுசாக இருந்தால் 3 வோல்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். இது 1.8 காட்டியது. கொண்டுபோன புதுப் பற்றறி 3.2. போட்டேன். 1990களில் வன்னிக்குள் பற்றறி கொண்டுவரவே தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தச் சின்ன வட்டத்தைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த நினைவு வரும்.

இயக்கினேன். அதே நாலு வரி.

இங்கேதான் கனபேர் குழம்புகிறார்கள். புதுப் பற்றறி, இனிமேல் போடப்போகும் செற்றிங்ஸைக் காப்பாற்றும். அழிந்துபோனது திரும்பி வராது. அழிந்த இடத்தில் தொழிற்சாலையில் இருந்து வந்தபடி ஆரம்ப நிலை ஏறியிருக்கும். அதை மாற்ற வேண்டுமென்றாலும், அப்படியே தொடர வேண்டுமென்றாலும் ஒரு விசையை அமத்தியாக வேண்டும். அந்த ஒரு விசைதான் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கீபோட் யூஎஸ்பி வகை. நம்லொக்கைத் தட்டிப் பார்த்தேன், விளக்கு மாறவில்லை. இது சின்னச் சோதனை, ஆனால் நிறையச் சொல்லும். நம்லொக் விளக்கைக் கீபோட் தானாக எரிப்பதில்லை. 'இந்த விசை அமர்ந்தது' என்று அது கொம்பியூட்டருக்குச் சொல்லும், 'சரி, விளக்கை எரி' என்று கொம்பியூட்டர் திருப்பிச் சொன்ன பிறகுதான் எரியும். விளக்கு மாறவில்லை என்றால் அந்தப் பக்கம் ஒருவரும் கேட்டுக்கொண்டு இல்லை. அதே கீபோட்டை என் லப்டொப்பில் மாட்டினேன். எல்லா விசையும் வேலை செய்தது. பின்பக்கத்து நாலு யூஎஸ்பி துளையிலும் மாறி மாறிப் போட்டேன். பலன் இல்லை. செற்றிங்ஸ் தங்கும் நினைவகமான சீமொஸை, மதர்போட்டில் அதற்கென்று இருக்கும் ஜம்பரை மாற்றி அழித்தும் பார்த்தேன். அழித்தாலும் அதே ஆரம்ப நிலைதானே ஏறும், வேறென்ன வரும்.

அந்த ஆரம்ப நிலையில் என்ன இருக்கிறது என்பதுதான் விசயம். இந்தக் காலத்து மதர்போட்டுகள் பலவற்றில், செற்றப்பில் 'யூஎஸ்பி கீபோட் சப்போட்' என்று ஒரு வரி இருக்கும். தொழிற்சாலையில் இருந்து வரும்போது அது டிஸேபிள்ட். விண்டோஸ் ஏறிய பிறகு யூஎஸ்பி கீபோட்டை விண்டோஸே பார்த்துக்கொள்ளும், இந்த வரி தேவையில்லை. விண்டோஸ் ஏறுவதற்கு முந்திய அந்தச் சில வினாடிகளில் கேட்கிற காது பயோஸ் மட்டும்தான். பழைய வட்ட பிளக் வைத்த பிஎஸ்/2 கீபோட், படலையில் நின்று தானாகக் குரல் கொடுக்கும் ஆளைப் போன்றது. விசை அமர்ந்தவுடனே கூப்பிடும், பயோஸுக்கு நேரே கேட்கும். யூஎஸ்பி கீபோட்டோ, வீட்டுக்காரர் திரும்பத் திரும்ப வந்து "ஏதும் இருக்கோ?" என்று கேட்டால்தான் வாய் திறக்கும். அப்படிப் போய்க் கேட்க பயோஸுக்கு அனுமதி கொடுப்பது அந்த வரி. இவ்வளவு காலமும் ஆரம்பத்தில் ஒரு தடங்கலும் இல்லாமல் இந்தக் கீபோட் ஓடியிருக்கிறதென்றால், வவுனியாவில் விற்ற கடைக்காரரே அதை எனேபிள் பண்ணித்தான் கொடுத்திருக்க வேண்டும். பற்றறி செத்து, அது அழிந்து, திரும்பவும் டிஸேபிள்ட்.

ஆகவே ஒரு பிஎஸ்/2 கீபோட் வேண்டும். அக்காவிடம் கேட்டேன்.

"இருந்தது தம்பி. அது பழுதாப்போய்த்தானே இதை வாங்கினது."

நானும் மேலே ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

பின்பக்கத்தில் ஊதா நிறக் கீபோட் சொக்கற்றைப் பார்த்தேன். வருடக்கணக்காகச் சும்மா கிடந்ததால் அதன் வளையத்துக்குள் குளவி மண் பூசியிருந்தது. காய்ந்து கல்லாகிப் போன, நகத்தளவு செம்மண். பக்கத்தில் மௌசுக்கான பச்சைச் சொக்கற் சுத்தமாக இருந்தது. என்னிடம் அன்று பிஎஸ்/2 கீபோட் இல்லை, கடையில் ஒன்று கிடக்கிறது. கேசிங்கைப் பொலித்தீனால் சுற்றி, மேலே யூரியாப் பை ஒன்றைப் போட்டு, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாங்குளம் வந்தேன். வழியில் திரும்பவும் தூறத் தொடங்கியது.

மாங்குளத்தில் இரவு

முதல் வேலை கீபோட் இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇயில் இருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் அடப்டரில் போட்டு, அச்சகத்து ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் என் லப்டொப்புக்குக் கொப்பி எடுத்தேன். யாருடைய கொம்பியூட்டர் வந்தாலும் நான் இதைத்தான் முதலில் செய்வேன். கல்வெட்டு ஃபைல் இருந்தது. என்னிடம் பேஜ்மேக்கர் இல்லை என்பதால் திறந்து பார்க்க முடியவில்லை, ஆனால் அளவும் திகதியும் சரியாக இருந்தன. அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே கோல் எடுத்து, "பத்திரமோ தம்பி? பத்திரமோ?" என்று இரண்டு தரம் கேட்டார்.

பிறகு குளவி மண். பல் குத்தும் ஈர்க்கால் மெல்லச் சுரண்டி, தூரிகையால் தட்டி, ஐசோபிறப்பைல் அற்ககோல் கொண்டு துடைத்தேன். உள்ளே தொடுபுள்ளிகள் மினுங்கின. இதுதான் தடை என்று நம்பி என் பிஎஸ்/2 கீபோட்டை மாட்டி இயக்கினேன்.

விளக்கே மின்னவில்லை.

பிஎஸ்/2 கீபோட்டுக்கு மின்சாரம் போனவுடன் அது தன்னைத்தானே ஒரு சோதனை செய்யும். அப்போது நம்லொக், கப்ஸ்லொக், ஸ்குரோல்லொக் மூன்று விளக்கும் ஒருதரம் ஒன்றாக மின்னி அணையும். சோதனை சரி என்றால் கொம்பியூட்டருக்கு 'ஏஏ' என்ற குறியீட்டை அனுப்பும். கொம்பியூட்டர் பக்கத்தில் அதை வாங்குவதற்கு 1984இல் ஐபிஎம் ஏடி இயந்திரத்தில் 8042 என்ற தனிச் சிப் இருந்தது, பின்னாளில் அந்த வேலை மதர்போட்டின் வேறு சிப்புக்குள் அடங்கிவிட்டது. மூன்று விளக்கும் மின்னுகின்றன, ஆனால் விசை வேலை செய்யவில்லை என்றால் கோளாறு தரவுக் கம்பியிலோ, அந்தச் சிப்பிலோ, ஒட்டிக்கொண்டு நிற்கும் ஏதோ ஒரு விசையிலோ இருக்கலாம். மின்னவே இல்லை என்றால் கீபோட்டுக்கு மின்சாரமே போகவில்லை. என் கீபோட்டை வேறு ஒரு பழைய கேசிங்கில் போட்டேன். உடனே மின்னியது.

அப்போதுதான் அக்கா சொன்ன 'பழுதாப்போச்சு' எனக்குள் இடிக்கத் தொடங்கியது. இரவு ஒன்பது மணி. கோல் எடுத்தேன்.

"அக்கா, அந்தப் பழைய கீபோட் எப்பிடிப் பழுதாப் போனது? ஞாபகம் இருக்கோ?"

"கூட்டித் துடைக்கேக்க வயர் இழுபட்டுக் கழண்டிட்டுது தம்பி. கொம்பியூட்டர் ஓடிக்கொண்டு இருந்தது. கரண்டும் மங்கல், கண்ணும் தெரியேல்லை, தடவித் தடவிப் பின்னுக்குக் குத்தினன். அதோட சரி. மௌசும் அண்டைக்குத்தான் நிண்டது. பிறகு தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் வந்து ரெண்டும் பழுது எண்டு சொல்லி, புதுசு ரெண்டும் வாங்கித் தந்தவன்."

மௌசும் அன்றுதான் நின்றது. ஒரு கீபோட் பழுதாகலாம், ஒரு மௌஸ் பழுதாகலாம். இரண்டும் ஒரே நிமிடத்தில் சாவதில்லை. இரண்டுக்கும் பொதுவான ஒன்று செத்திருக்க வேண்டும்.

ஐந்து வோல்ட்

1987இல் ஐபிஎம் பிஎஸ்/2 கொம்பியூட்டரோடு வந்த இந்த வட்டச் சொக்கற்றில் ஆறு துளை. வேலை செய்வது நாலு. ஒன்றாவது தரவு, மூன்றாவது நிலம் (கிரவுண்ட்), நாலாவது 5 வோல்ட், ஐந்தாவது துடிப்பு. இரண்டும் ஆறும் சும்மா. கீபோட்டுக்கும் மௌசுக்கும் 5 வோல்ட் ஒரே பாதையால் வரும், அந்தப் பாதையில் பெரும்பாலும் ஒரு சின்னப் பியூஸ் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில், இருட்டில் தடவிக் குத்தும்போது, பிளக்கின் ஊசி ஒன்று 5 வோல்ட் துளையையும் வெளி வளையத்து இரும்பையும் ஒன்றாகத் தொட்டால் 5 வோல்ட் நேரே நிலத்தில் பாயும். பியூஸ் எரிந்து மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். யூஎஸ்பிக்கு வேறு பாதை, வேறு பியூஸ். அதனால் பெடியன் போட்டுக் கொடுத்த யூஎஸ்பி கீபோட்டும் மௌசும் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. பழைய காயம் அடியில் மறைந்துபோனது. இவ்வளவு வருடமும் யாருக்கும் அந்தச் சொக்கற் தேவைப்படவில்லை, குளவிக்கு மட்டும்தான் தேவைப்பட்டது.

மல்ரிமீற்றரின் ஊசியை அந்தச் சின்னத் துளைக்குள் விட்டுத் தடுமாறக்கூடாது, வழுக்கினால் இன்னொரு ஷோட் ஆகும். இதற்கென்றே பழுதான கீபோட் ஒன்றின் வயரை வெட்டி, நாலு கம்பியையும் பிரித்து, எது எந்த ஊசி என்று அளந்து குறித்து வைத்திருக்கிறேன். வயரின் நிறத்தை நம்பக்கூடாது, ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு நிறம் போடும். அதை மாட்டி அளந்தேன். 5 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் பூச்சியம்.

சொக்கற்றுக்குப் பக்கத்தில், வெள்ளை எழுத்தில் 'எஃப்2' என்று குறித்த இடத்தில் அரிசிமணி அளவில் பியூஸ் இருந்தது. வெளியே பார்க்க நல்லாகவே இருந்தது. ஒரு முனையில் 5.06 வோல்ட், மறுமுனையில் ஒன்றுமில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடர்ச்சி பார்த்தேன். முழுதாக அறுந்திருந்தது.

அந்த இரண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். அப்படிச் செய்த மதர்போட்டுகள் என்னிடம் வந்திருக்கின்றன. அடுத்த ஷோட்டில் பியூசுக்குப் பதிலாக மதர்போட்டின் செப்புத் தடமே எரிந்து, திருத்த முடியாத நிலையில் வந்தவை. நான் அதைச் செய்வதில்லை. முதலில் 5 வோல்ட் பாதைக்கும் நிலத்துக்கும் இடையில் ஷோட் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பிறகு, கழித்துப்போட்ட அதே காலத்து மதர்போட் ஒன்றில் இருந்து தானாக மீளும் வகைப் பியூஸ் ஒன்றை எடுத்தேன், 1.1 ஆம்பியர். இது எரிந்து அறுவதில்லை. கூடுதல் மின்சாரம் பாய்ந்தால் சூடாகித் தடுக்கும், ஆறினால் திரும்ப விடும். இடி மின்னலுக்குப் பயந்து அடிக்கடி வயர் கழற்றி மாட்டுகிற இடத்துக்கு இதுதான் பொருத்தம். கால்களை மடக்கிப் பழைய பியூஸின் இடத்திலேயே ஈயம் வைத்தேன். அளக்கிற அந்த வெட்டிய வயரில் 5.02 வோல்ட் வந்தது.

கீபோட்டை மாட்டி இயக்கினேன். மூன்று விளக்கும் ஒருதரம் மின்னி அணைந்தன. டிலீற்றை அமத்தினேன். நீல நிறச் செற்றப் திரை திறந்தது. அப்போது நேரம் பதினொன்றரை.

திகதியையும் நேரத்தையும் போட்டேன். யூஎஸ்பி கீபோட் சப்போட்டை எனேபிள் பண்ணினேன். ட்ரைவ் ஏ என்ற இடத்தில் 1.44 எம்பி ஃபுளொப்பி என்று ஏறியிருந்தது. அந்தக் கேசிங்கில் ஃபுளொப்பியே இல்லை, மூன்றாவது வரி வந்ததற்குக் காரணம் அதுதான். அதை 'நன்', அதாவது இல்லை, என்று மாற்றினேன். சேமித்து வெளியே வந்தேன். எக்ஸ்பி ஏறியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். செற்றப்பில் 'ஹோல்ட் ஓன்' என்று இன்னொரு வரி உண்டு. கீபோட் இல்லாவிட்டாலும் நிற்காமல் போ என்று அதில் சொல்லிவைக்கலாம், பலர் அதைத்தான் தீர்வாகச் சொல்வார்கள். அந்த வரியும் பற்றறியில் தங்கியிருக்கும் அதே நினைவகத்தில்தான் இருக்கிறது. பற்றறி சாகும் அன்று யூஎஸ்பி வரியோடு சேர்ந்து அதுவும் அழியும். எந்தச் செற்றிங்கையும் நம்பாமல், ஆரம்ப நிலையிலும் பயோஸுக்குக் கேட்கக்கூடிய வழி இந்த வட்டச் சொக்கற் ஒன்றுதான். அதனால்தான் நேரம் செலவழித்து அதை உயிர்ப்பித்தேன். ஊதா நிற மாற்றி ஒன்றை யூஎஸ்பி கீபோட்டில் செருகினால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அந்த மாற்றிக்குள் வெறும் கம்பிதான் இருக்கிறது. இரண்டு பாஷையும் தெரிந்த கீபோட்டுக்கு மட்டுமே அது உதவும், இவருடையது அந்த வகை இல்லை.

இதே முறைப்பாட்டோடு வரும் எல்லாமே இப்படி இருக்காது. ஏஎம்ஐ பயோஸ் உள்ள பழைய இயந்திரம் ஆறு தரம் பீப் அடித்தால் கீபோட்டோடு நிற்காமல் மதர்போட்டையும் பார்க்கவேண்டும். கொஞ்சம் புதிய கொம்பியூட்டர்களில் ஃபாஸ்ட் பூட், நேரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பியை எழுப்பாமலே விண்டோஸுக்குள் போய்விடும், அதனால் செற்றப்புக்குள் நுழையமுடியாமல் போகும். பிஎஸ்/2 பிளக்கைப் பச்சைச் சொக்கற்றில் மாட்டிவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவு, நிறம் மட்டும்தான் வேறு.

திரும்பவும் ஒட்டுசுட்டான்

மறுநாள் விடியவே கொண்டுபோனேன். போனவுடன் அந்தப் 'பழுதான' கீபோட்டைக் கேட்டேன். அக்கா உள்ளே போய், அலுமாரிக்கு மேலிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். எறியவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "கைக்குப் பழகினது தம்பி, எறிய மனம் வரேல்லை" என்றார்.

பழைய கனமான கீபோட். வெள்ளை மஞ்சளாகியிருந்தது. கே விசையிலும் எச் விசையிலும் செமிகோலனிலும் எழுத்து முழுதாகத் தேய்ந்து வழுக்கையாக இருந்தது. ம, ா, புள்ளி. தமிழில் எதை அடித்தாலும் அடிக்கடி விரல் போகிற இடங்கள். பிளக்கின் ஊசிகளில் ஒன்று சற்றுச் சாய்ந்திருந்தது, அன்று இருட்டில் வளையத்தில் முட்டியது அதுவாகத்தான் இருக்கும். மெல்லிய குறடால் நிமிர்த்தினேன். கொம்பியூட்டரை நிறுத்தி, பிளக்கில் இருக்கும் அம்புக்குறி மேலே வரும்படி பார்த்து மாட்டச் சொல்லி அக்காவிடமே கொடுத்தேன். மாட்டினார். இயக்கினேன். மூன்று விளக்கும் மின்னின.

"உது சாகேல்லையே!" என்றார்.

பேஜ்மேக்கர் திறந்து, கல்வெட்டு ஃபைலும் திறந்தது. அவர் அப்படியே கதிரையை இழுத்துப்போட்டு இருந்து திதி வெண்பாவை அடிக்கத் தொடங்கிவிட்டார். நான் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வெண்பா முடிந்து நன்றி நவிலலில் நின்றார். யூஎஸ்பி கீபோட்டை என்ன செய்வது என்று கேட்டேன். பழையது இருந்த அதே பொலித்தீன் பையில் அதைச் சுற்றி அலுமாரிக்கு மேலே வைக்கச் சொன்னார். கல்வெட்டு 31ஆம் நாளுக்கு முதல் நாள் பின்னேரம் கட்டி முடிந்து வீட்டாரிடம் போனது.

சித்திரை வருடப்பிறப்புக்கு அக்கா வவுனியாவில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு கிழமை நின்றார். போகும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் போனார். திரும்பி வந்து இயக்கியதும் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். திகதியும் நேரமும் சரியாக இருந்தன.